எதை முதலில் வாங்குவது?

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த முதல் வாரத்தில்தான் பணப்பைக்கு ஆபத்து அதிகம். 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று அட்டை சொல்லிவிட்டது. மாஸ்க், ஃபின்ஸ், பிசிடி, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக, தனித்தனியே வாங்குவதைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று கடைகள் கூப்பிடுகின்றன. அப்படி வாங்கிய பெட்டி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு இறக்கிப் பார்த்தால் பிசிடிக்குள் பூஞ்சை வாடை அடிக்கும், ரெகுலேட்டரின் உலோகத்தில் பச்சை பூத்திருக்கும், வாரண்டியும் முடிந்திருக்கும்.

இந்த அத்தியாயம் யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலோ, பலரும் இன்னும் ஹாவ்லாக் என்றே அழைக்கும் ஸ்வராஜ் தீவிலோ பயிற்சி முடித்தவர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தமான், திருகோணமலை, மாலத்தீவு, தாய்லாந்து என்று கிளம்புகிறவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே டைவ் சென்டர் இருந்து வாரந்தோறும் இறங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவரைப் பற்றிப் பிறகு.

பொதுவாக இரண்டு வரிசைகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, விலை குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவது. மற்றது பயத்தில் பிறந்த வரிசை: "தண்ணிக்குள்ள மூச்சு விட வைக்கிறது ரெகுலேட்டர்தானே, அதை முதல்ல சொந்தமா வாங்கிடுவோம்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லும் வரிசை வேறு. உங்கள் உடம்போடு பொருந்த வேண்டியதை முதலில் வாங்குங்கள். உங்கள் உடம்புக்குள் நடப்பதைக் கணக்கு வைப்பது அடுத்தது. ஒழுங்காகப் பராமரித்தால் யாருக்கும் ஒன்றுபோல் வேலை செய்வது கடைசி. ரெகுலேட்டர் இந்தக் கடைசி வகை. தினமும் தண்ணீரில் இறங்கி, தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, முறையாக சர்வீஸ் ஆகும் வாடகை ரெகுலேட்டர், பதினொரு மாதம் பரணில் தூங்கிய சொந்த ரெகுலேட்டரைவிட நம்பகமானது.

காசு மிச்சமாகும் என்று நினைத்தும் வாங்காதீர்கள். நம் பக்கத்து டைவ் சென்டர்கள் பெரும்பாலும் கட்டணத்திலேயே உபகரணங்களையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. சொந்தமாகக் கொண்டுபோனால் கிடைக்கும் தள்ளுபடி சொற்பம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வாடகை வசூலிக்கும் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள், இத்தனை டைவில் போட்ட காசு திரும்பிவிடும் என்று காட்டும் கணக்கு இங்கே செல்லாது. போதாததற்கு விமானம். உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு அனுமதி 15 கிலோ. சிலிண்டரும் ஈயமும் நீங்கலாக ஒரு முழு செட்டே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மீதி இடத்தில்தான் உங்கள் துணிமணி.

மாஸ்க்: இதில் மட்டும் தயக்கம் வேண்டாம்

அடுத்த டைவுக்கு முன்பே வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான். காரணம் எளிது: டைவ் சென்டரின் கூடையில் கிடக்கும் மாஸ்க் எந்த முகத்துக்கு வார்க்கப்பட்டதோ, அது உங்கள் முகம் அல்ல. கசியும் மாஸ்க்கோடு இறங்கியவருக்கு மீனும் தெரியாது, பவளமும் தெரியாது. நாற்பது நிமிடமும் மூக்கு வழியே ஊதி ஊதித் தண்ணீரை வெளியேற்றுவதிலேயே போய்விடும். காற்றும் சீக்கிரம் தீரும்.

மாஸ்க்கில் மூக்கும் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கண்ணை மட்டும் மூடும் கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்குகிறார்கள். ஓரிரு ஆள் ஆழத்துக்கு அது தாங்கும். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் சிக்கிய காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும், அந்த இடத்தை நிரப்பக் கண்ணையும் சுற்றியுள்ள சதையையும் உறிஞ்சி இழுக்கும். மூக்கு உள்ளே இருந்தால் அதன் வழியாகக் கொஞ்சம் காற்றை விட்டுச் சமன் செய்துகொள்ளலாம். நீச்சல் கண்ணாடியில் அந்த வழியே இல்லை. முகம் முழுவதையும் மூடிக்கொண்டு மேலே குழாய் நீட்டிய ஸ்நார்க்லிங் மாஸ்க் இப்போது கடற்கரைக் கடைகளில் எல்லாம் தொங்குகிறது. அது மேல்மட்டத்தில் மிதந்தபடி பார்க்க மட்டும். அதை ஸ்கூபாவுக்கு எடுத்துப்போகவே கூடாது.

பொருத்தம் பார்க்கும் முறை எல்லோரும் அறிந்ததுதான்: பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, கையை எடுத்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஆனால் பலமாக இழுத்தால் பொருந்தாத மாஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இழுப்பது லேசாக இருக்கட்டும். அதோடு வாயில் ஸ்நார்க்கலையோ ரெகுலேட்டர் மவுத்பீஸையோ கவ்விக்கொண்டு ஒருமுறை பாருங்கள். கவ்வும்போது கன்னமும் மேலுதடும் வேறு வடிவம் கொள்கின்றன. வெறும் முகத்துக்குக் கச்சிதமாக இருந்தது அப்போது மூக்கடியில் இடைவெளி காட்டும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கண்ணாடிச் சட்டம் இடிக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடையில் லேசாக உறுத்துவது மூன்றாவது டைவில் தலைவலியாகும்.

மீசை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். முடி நடுவில் வந்தால் அந்த வழியே கசியும். முழு மீசையையும் தியாகம் செய்யத் தேவையில்லை. மூக்குக்கு நேர் கீழே, விளிம்பு உட்காரும் அந்த ஒரு கீற்றை மட்டும் மழித்துக்கொண்டால் பெரும்பாலோருக்குப் போதும். மனம் வராதவர்கள் டைவ் கடையில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸை மீசையில் லேசாகத் தடவிக்கொள்ளலாம். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். ரப்பர் பாகங்களுக்கு அது ஆகாது. நீண்ட பின்னல் உள்ளவர்கள், பட்டைக்கு மேல் போடும் துணி போன்ற நியோபிரீன் உறையைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முடியைப் பிடுங்காது. முகத்தில் கனமாகப் பூசிய சன்ஸ்கிரீன் எந்த மாஸ்க்கையும் வழுக்க வைக்கும்.

பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தவறான எண்ணம். அதிகம் இறுக்கும்போது விளிம்பு மடிந்து கசிவு கூடும். தளர்த்திப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

கண்ணாடி டெம்பர்ட் வகையாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லையே கண்ணாடியின் ஓரத்தில் பொறித்திருப்பார்கள். பிளாஸ்டிக் என்றால் வைத்துவிட்டு நகருங்கள். ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்பது முகத்தைப் பொறுத்தது. உள்ளே காற்றுக்கொள்ளளவு குறைந்த மாஸ்க்கைச் சமன் செய்வதும் சுலபம், தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவதும் சுலபம். கறுப்பு விளிம்பு பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுப்பதால் படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும். அடைபட்டதுபோல் தோன்றிப் பதறுகிறவர்களுக்கு ஒளி புகும் வெள்ளை விளிம்பு நல்லது. அது நாளாக ஆக மஞ்சளாகும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கடைசிவரை தள்ளிப்போடும் விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்பங்கு நெருக்கமாகவும் தெரியும். அதனால் சிறிய மைனஸ் பவர் உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமலே ஓட்டிவிடுகிறார்கள். மைனஸ் இரண்டைத் தாண்டியவர்கள் அப்படி ஓட்டக் கூடாது. இரட்டைக் கண்ணாடி மாஸ்க்குகள் பலவற்றுக்கு, சாதாரணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போடக்கூடிய ஆயத்த பவர் லென்ஸ்கள் அரை அரை பவர் வித்தியாசத்தில் கிடைக்கின்றன. மாஸ்க் தேர்ந்தெடுக்கும்போதே, இந்த மாடலுக்கு லென்ஸ் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாற்பது வயதைத் தாண்டி, தூரம் தெரிகிறது, காற்றுமானியின் எண்தான் மங்குகிறது என்பவர்களுக்குக் கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சிறிய பிளஸ் லென்ஸ் இருக்கிறது. மீதிக் காற்று 50 பாரா 150 பாரா என்று தடுமாறுவதைவிட அது மேல்.

புது மாஸ்க்கை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உற்பத்தியின்போது கண்ணாடியின் உட்புறம் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். அது இருக்கும்வரை எவ்வளவு எச்சில் தடவினாலும் பனி படர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பற்பசையை, ஜெல் வகை வேண்டாம், உட்புறம் விரலால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஒருமுறை போதாது, வீட்டில் சும்மா இருக்கும்போது நாலைந்து தடவை செய்யுங்கள். லைட்டர் சுடரைக் காட்டி எரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கான் கருகிப்போக ஒரு நொடி போதும், எனக்கு அந்த வழியில் உடன்பாடு இல்லை. கண்ணாடியில் ஏதாவது பூச்சு இருக்கும் மாடலென்றால் தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர எதையும் தேய்க்காதீர்கள்.

மாஸ்க்கோடு ஸ்நார்க்கலையும் கட்டிக் கொடுக்கப் பார்ப்பார்கள். மடித்துப் பைக்குள் வைக்கும் சாதாரணக் குழாய் போதும்.

இதே கடையில் இன்னொரு சின்னப் பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ரெகுலேட்டர் மவுத்பீஸ். சில நூறு ரூபாய்தான். வாடகை ரெகுலேட்டரைப் பார்த்ததும் பலருக்கு வரும் அருவருப்பு, யாரோ கடித்துக் குதறிய அந்த ரப்பரைப் பார்த்துத்தான். டைவ் சென்டரில் கேட்டால் பழையதைக் கழற்றி உங்களுடையதை ஜிப் டை போட்டு மாட்டித் தருவார்கள். வாயில் படுவது மட்டும் சொந்தம், மற்றதெல்லாம் வாடகை. முழு ரெகுலேட்டர் வாங்கத் துடித்த பலரின் அவசரம் இதோடு தணிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

டைவ் கம்ப்யூட்டர்

பெரிய தொகை ஒன்றைச் செலவு செய்வதென்றால் அது இதில்தான் இருக்க வேண்டும். ஃபின்ஸுக்கு முன்பே இதைச் சொல்வது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம்.

ஆழத்தில் அழுத்தமான காற்றை மூச்சுவிடும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அளவு கூடும். மேலே வந்தபின் அது மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வேகமாக ஏறினாலோ அளவை மீறித் தங்கினாலோ குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒரு காலத்தில் இதற்கு அட்டவணைதான் துணை. பேடி அமைப்பின் அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் என்று எல்லை போட்டிருக்கும். முழு நேரமும் மிக ஆழமான புள்ளியிலேயே இருந்ததாக வைத்துக்கொள்ளும் கணக்கு அது. நாம் உண்மையில் 16 மீட்டருக்குப் போய், 12-க்கு ஏறி, 8 மீட்டரில் ஒரு கடல் ஆமையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நொடிக்கு நொடி ஆழத்தை அளந்து இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும் கருவி 1983-இல் வந்த ஆர்க்கா எட்ஜ் வழியாகத்தான் பரவலானது. இன்று மணிக்கட்டில் கட்டும் பல கருவிகளுக்குள் ஓடுவது சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் வகுத்த கணக்கு முறையோ அதிலிருந்து கிளைத்ததோதான்.

படகில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

"அண்ணா, நான் உங்க பக்கத்துலயேதான வர்றேன். உங்க கம்ப்யூட்டர் போதாதா?"

"நீங்க கீழ போட்டோ எடுக்கும்போது நான் மூணு மீட்டர் மேல நின்னு எல்லாரையும் எண்ணிக்கிட்டு இருப்பேன் சார். என் கையில இருக்கிறது என் கணக்கு."

அதேதான். அதோடு, காலையில் ஒருவர் கட்டிய வாடகைக் கம்ப்யூட்டரை மாலையில் நீங்கள் கட்டினால், அதற்குள் இருப்பது அவருடைய காலை டைவின் மிச்சம். உங்களுடைய காலை டைவ் அதற்குத் தெரியவே தெரியாது. நாலு நாள் பயணத்தில் நாளுக்கு இரண்டு டைவ் என்றால் முதல் டைவிலிருந்து கடைசி வரை ஒரே கருவி உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தமானில் வாடகைக்குக் கொடுக்கும் செட்டுகளில் பல இடங்களில் கம்ப்யூட்டரே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் இன்னொரு பயன் விமானத்துக்கு முன்பு தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டுதல். அந்தமானிலிருந்து அதிகாலை விமானம் பிடிப்பவர்கள் முந்தைய நாள் மதிய டைவைக் கைவிடுவது இதனால்தான். கருவி அந்த நேரத்தைத் திரையில் எண்ணிக்காட்டும்.

எந்த மாடல்? ரெகுலேட்டர் வாடகைதான் என்று முடிவு செய்துவிட்டதால், அதன் குழாயில் பொருத்தும் வகை உங்களுக்கு ஆகாது. மணிக்கட்டில் கட்டும் வகைதான். எண்கள் பெரிதாக, மங்கிய வெளிச்சத்திலும் தெரிய வேண்டும். ஆக்ஸிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸின் அளவை மாற்றும் வசதி மிக எளிய மாடல்களிலும் உண்டு, அது கட்டாயம். பேட்டரியை நீங்களே மாற்ற முடிவதையோ சார்ஜ் போடக்கூடியதையோ பாருங்கள். தொழிற்சாலைக்கு அனுப்பித்தான் பேட்டரி மாற்ற வேண்டும் என்றால் அந்த மாடல் நம் ஊருக்கு லாயக்கில்லை. சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் டிரான்ஸ்மிட்டர் முதல் கம்ப்யூட்டருக்கு வேண்டாம். அலுவலகத்துக்கும் கட்டிக்கொண்டு போகும் கைக்கடிகார வடிவத்துக்குக் கூடுதல் பணம் தருவது உங்கள் விருப்பம். தண்ணீருக்குள் அதனால் தனிப் பயன் எதுவும் இல்லை. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவும் செயலி போட்டால் 40 மீட்டர் வரை டைவ் கம்ப்யூட்டராக வேலை செய்கிறது. ஏற்கெனவே வைத்திருந்தால் சரி. அதற்காகவே வாங்க வேண்டாம். சுன்டோ, மேரஸ், கிரெஸ்ஸி நிறுவனங்களின் தொடக்க நிலை மாடல்களே இந்த வேலைக்குப் போதும்.

வாங்கியதும் கையேட்டைப் படியுங்கள். ஏறும் வேகம் கூடினால் என்ன சத்தம் போடும், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தை எப்படிக் காட்டும், தவறிப்போய் எல்லை மீறினால் திரையில் என்ன வரும் என்பதை நடுக்கடலில் போய்க் கண்டுபிடிக்க முடியாது.

சட்டைப் பைக்குள் அடங்குபவை

விசில், மேற்பரப்பு மிதவை, கயிறு அறுக்கும் கருவி. மூன்றும் சேர்ந்து ஒரு கிலோ வராது. நம் கடலில் இவை ஆடம்பரம் இல்லை.

சோழமண்டலக் கரையில் நீங்கள் இறங்கும் இடம் மீனவர்கள் வலை விரிக்கும் இடமும்தான். அறுந்து போய்ப் பாறையில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. சிலிண்டரின் வால்விலோ ஃபின்ஸின் கொக்கியிலோ மாட்டியபிறகுதான் தெரியும். இதற்குப் பெரிய கத்தி வேண்டாம். காலில் கட்டும் கத்தியைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், அதுவே வலையில் மாட்டுகிறது. பிளேடு உள்ளடங்கிய சிறிய லைன் கட்டரோ, ஆம்புலன்ஸில் பயன்படுத்தும் முனை மழுங்கிய கத்தரியோ நன்றாக அறுக்கும். இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். விமானத்தில் இது சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரி அதற்கு நேர்மாறாகக் கைப்பையில் வர வேண்டும்.

மிதவை என்பது கீழிருந்து காற்று நிரப்பி மேலே விடும் நீண்ட ஆரஞ்சு நிறக் குழாய். நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து தள்ளிக்கொண்டு போனால், அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது படகோட்டிக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் படகில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். மேலே ஓடும் மீன்பிடிப் படகுகளுக்கும் கீழே ஆள் இருப்பது தெரிய வேண்டும். ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத நீளம், 15 மீட்டர் நூல் சுற்றிய விரல் ஸ்பூல் இரண்டும் போதும். ஆனால் வாங்கியவுடன் தனியாக முயலாதீர்கள். நூல் சிக்கிக்கொண்டால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது 5 மீட்டர் ஆழத்தில் பழகுங்கள்.

வெட்சூட், ஃபின்ஸ்

வெட்சூட் உடம்போடு ஒட்ட வேண்டும் என்பதால் வரிசையில் அடுத்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டை இழுக்கும். 28 டிகிரி கடல்கூட மூன்றாவது டைவில் நடுங்க வைக்கும். அந்தமானுக்கும் நம் கரைக்கும் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். முழங்கையோடும் முழங்காலோடும் நிற்கும் ஷார்ட்டியைவிட முழு நீளமானதை வாங்கச் சொல்வேன். குளிரை விடுங்கள், ஜெல்லிமீனின் கொடுக்குத் தடம் ஒருமுறை பட்டவர் ஷார்ட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். குளிர் தாங்குபவர்கள் மெல்லிய லைக்ரா உடையோடு நிறுத்திக்கொள்ளலாம், எடையும் மிச்சம். வாடகை வெட்சூட்டின் சுகாதாரத்தைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. கடலுக்குள் கழிப்பறை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஃபின்ஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று சொன்னால் பயிற்சியாளர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின்ஸ் மூன்றும் முதல் செட் என்று பாடமே இருக்கிறது. இரண்டு கிலோவை நெருங்கும், பெட்டிக்குள் குறுக்கே நிற்கும் ஒரு பொருள் ஆண்டுக்குப் பத்து டைவுக்காக என்பதுதான் என் தயக்கம். வாடகை ஃபின்ஸ் பெரும்பாலோர் காலுக்கு ஒருவாறு பொருந்திவிடும். மிகச் சிறிய பாதமோ மிகப் பெரிய பாதமோ உள்ளவர்களும், ஒவ்வொரு டைவிலும் கெண்டைக்காலில் பிடிப்பு வருகிறவர்களும் விதிவிலக்கு. படகிலிருந்து குதிக்கும் வெதுவெதுப்பான கடலுக்குச் செருப்புப்போல் நேரே காலில் மாட்டும் வகை இலகு. கரையிலிருந்து பாறையில் நடந்து இறங்க வேண்டுமென்றால் பூட்ஸ் போட்டு அதன்மேல் மாட்டும் திறந்த குதிகால் வகை. 1965-இலிருந்து தயாரிக்கப்படும் ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின் போன்ற கனத்த ரப்பர் ஃபின்ஸுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. திரும்பவும் பின்னோக்கி நகரவும் அவை அருமைதான். உங்கள் 15 கிலோவை நினைத்துப் பாருங்கள்.

கேமரா இந்த வரிசையிலேயே இல்லை. ஓரிடத்தில் ஏறாமல் இறங்காமல் மிதக்கத் தெரியாதவர் கையில் கேமரா இருந்தால் கால் பவளத்தில்தான் இருக்கும். நம் நாட்டில் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிரினங்கள். அந்த ஒரு உதையில் உடைவது வளர ஆண்டுகள் ஆகும்.

ரெகுலேட்டரும் பிசிடியும்: எப்போது?

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றை முதல் நிலை, சுற்றுப்புற அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் மட்டும் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. வாயிலிருக்கும் இரண்டாம் நிலை அதை நீங்கள் நிற்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே கொண்டுவருகிறது. 1943-இல் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் செய்த கருவியின் அடிப்படை இன்னும் மாறவில்லை. உள்ளே இருப்பவை ஸ்பிரிங், டயாஃப்ரம் அல்லது பிஸ்டன், கொஞ்சம் ஓ-ரிங்குகள். அந்த ஓ-ரிங்குகள்தான் பிரச்சினை. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அவை காய்ந்து கெட்டுப்போகும். மாடலைப் பொறுத்து ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ சர்வீஸ் செய்தாக வேண்டும். அந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் உதிரிபாகப் பெட்டியும் வேண்டும்.

ஆகவே ரெகுலேட்டர் வாங்க நினைப்பவர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, "இதை யார் சர்வீஸ் பண்ணுவாங்க, எந்த ஊர்ல, எத்தனை நாள் ஆகும்?" என்பது. நீங்கள் வழக்கமாகப் போகும் டைவ் சென்டர் எந்த நிறுவனத்தின் செட்டுகளை வைத்திருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் தங்கள் செட்டுகளுக்கு எங்கே சர்வீஸ் செய்கிறார்களோ அங்கேயே உங்களுடையதையும் கொடுக்கலாம். வெளிநாட்டில் தள்ளுபடியில் கிடைத்ததென்று நம் ஊரில் யாரும் தொடாத மாடலை வாங்கி வந்தவர்கள் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கூரியரில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பது ஐம்பது டைவ் முடித்து, இனி ஆண்டுக்கு இருபதுக்குக் குறையாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாங்கலாம். வாரந்தோறும் இறங்குகிறவர், டைவ்மாஸ்டர் பயிற்சிக்குப் போகிறவர் இந்தக் கட்டத்தை ஓராண்டிலேயே எட்டிவிடுவார்கள். தள்ளிப்போடு என்று நான் சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. வாங்கும்போது ஆழம் கூடினாலும் காற்றுக் குறைந்தாலும் ஒரே சீராக மூச்சு தரும் பேலன்ஸ்டு வகை நடுத்தர மாடல் போதும். பனிக்கடலுக்கான உறை போட்ட மாடலுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். சிலிண்டரில் மாட்டும் முறை இரண்டு: கவ்விப் பிடிக்கும் யோக், திருகி மாட்டும் டின். நம் பக்கமும் தென்கிழக்காசியாவிலும் யோக்தான் அதிகம்; ஐரோப்பாவில் டின். டின் வகையை வாங்கி யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் எங்கேயும் தடையில்லை.

பிசிடி இதைவிடவும் பொறுக்கலாம். ஜாக்கெட் வகை, முதுகில் மட்டும் காற்று நிரம்பும் வகை, உலோகத் தகட்டோடு கூடிய விங் என்று மூன்றிலும் வாடகைக்கு மிதந்து பார்த்தபின் உங்களுக்கு எது பிடிக்கும் என்று தானே தெரியும். முதல் ஐந்து டைவில் பிடித்தது பல பேருக்கு ஐம்பதாவதில் பிடிப்பதில்லை. அளவு பார்க்கும்போது முழுக்கக் காற்றடைத்துப் பாருங்கள். நெஞ்சை நெருக்கி மூச்சுத் திணற வைத்தால் சின்னது. சொந்தமானபின் ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி வடித்து, பாதி காற்றோடு நிழலில் காயவிட வேண்டும். பரண் இதற்குரிய இடமில்லை. வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அதைவிட மோசம்.

அதுவரை வாடகை செட்டை வாங்கும்போது, படகு ஏறுவதற்கு முன்பே நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. வெட்கப்படாதீர்கள், நல்ல டைவ் சென்டர் இதற்குக் கோபிக்காது. சிலிண்டரைத் திறந்து காற்றுமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் மூச்சோடு சேர்ந்து ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை அல்லது உள்ளே அடைப்பு. மஞ்சள் நிற மாற்று ரெகுலேட்டரான ஆக்டோபஸிலும் மூச்சிழுத்துப் பாருங்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. பிசிடியில் காற்றடைத்துவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள், பித்தானை விட்டபின்னும் தானாகவே காற்று ஏறிக்கொண்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். குழாய்களை உலோக முனைக்கு அருகில் மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டரோடு இறங்காதீர்கள், அன்றைக்கு டைவ் போனாலும் பரவாயில்லை.

சிலிண்டரையும் ஈயக்கட்டியையும் நீங்கள் என்றைக்கும் வாங்க வேண்டியதில்லை. வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகவே 14 கிலோ. நிரப்ப கம்ப்ரசர் வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தப் பரிசோதனை வேண்டும். அது டைவ் சென்டரின் தலைவலி. அந்தப் பரிசோதனைத் தேதி சிலிண்டரின் கழுத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது அதையும் ஒருமுறை படியுங்கள். தேதி உப்பில் அரித்து எழுத்தே தெரியவில்லை என்றால் அடுத்த சிலிண்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.